மழைச்சோற்றில் விழுந்த உப்பு

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுகிற வயது வந்தாயிற்று, இனி நாக்கு கேட்பதையெல்லாம் கொடுக்க முடியுமா என்று நீங்கள் அடங்கிப் போயிருப்பீர்கள். நான் வாரத்தில் ஆறு நாள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஏழாவது நாள் கேட்கிறேன். அதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த ஒரு ஐப்பசி மாதத்தோடு சம்பந்தப்பட்டது அது. அந்த ஐப்பசியில் எங்களுக்கு மழை பெய்யவில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு ஆறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். புழுதி விதைப்பு என்று அதற்குப் பெயர். மழை வந்தால் முளைக்கும், வராவிட்டால் எறும்பு இழுத்துக்கொண்டு போகும். அந்த வருஷம் எறும்புகளுக்கு நல்ல வாழ்வு. அப்பா தினமும் காலையில் காட்டுக்குப் போவார். விரலால் மண்ணைக் கிளறி ஒரு உளுந்தை எடுத்துப் பார்ப்பார். பிறகு அதே குழியில் போட்டு மூடிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் ரேடியோவில் வானிலை கேட்பார். யாரும் பேசக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டவுனில் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், அதாவது தொழிற்சாலைக்காரர்கள், வெயில் நன்றாக அடிக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்தில் முக்கி எடுத்த குச்சி காய வேண்டுமே. எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அந்த ஆபீஸ்களுக்குத்தான் வேலைக்குப் போனார்கள். வீட்டில் இருக்கும்போது மழையைக் கேட்டார்கள், வேனில் ஏறி வேலைக்குப் போனதும் வெயிலைக் கேட்டார்கள். சாமி என்னதான் செய்யும், பாவம்.

அம்மாவுக்கு ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு சட்டம் உண்டு. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் இரவல் கொடுக்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு யார் வந்து கேட்டாலும் உப்பு தரக் கூடாது. உப்பு அவளுக்கு லட்சுமி. தரையில் நாலு கல் சிந்தினால்கூடக் காலில் படாமல் அள்ளித் தண்ணீரில் கரைத்துவிடுவாள். இதையெல்லாம் எந்தச் சாமி சொன்னது என்று ஒருமுறை கேட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. ஆனால் அதே அம்மா, நான் பயந்துபோய்க் காய்ச்சலில் கிடந்தபோது பள்ளிவாசலுக்குத் தூக்கிப் போய் ஓதவைத்துக் கயிறு கட்டினாள். அரைப்பரீட்சைக்கு டவுன் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். நம்ம அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாளா என்று அப்பா கேலி செய்வார். பிள்ளைக்குச் சுகமானால் அவளுக்கு என்ன கோபம் என்று அம்மா பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு சித்தி வீடு. அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பா டவுனில் நூல் மில்லில் வேலை பார்த்தார், சித்தி தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அவளுக்கு அப்போது பெண் குழந்தை இல்லை, அதனால் என் தலை அவளுடையதாக இருந்தது. தினமும் அவள்தான் பின்னிவிடுவாள். வேன் வருவதற்கு முன்னால் அவசர அவசரமாக இழுத்துப் பின்னினாலும் எனக்கு வலித்ததே இல்லை. சனிக்கிழமை வரும்போது முந்தானையில் கடலை மிட்டாய் முடிந்து கொண்டுவருவாள். அதில் அவள் வியர்வையும் தீப்பெட்டி மருந்தும் சேர்ந்து ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் தீக்குச்சி உரசினால் எனக்கு நாக்கில் வெல்லம் ஊறும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். அது அம்மாவுடையதுதான். ஆனால் காலியாக ஒருநாளும் திரும்பி வராது. குழம்பு போனால் சுண்டல் வரும், சுண்டல் போனால் முருங்கைக்கீரை வரும்.

சித்திக்கு நெடுநாளாக ஒற்றைத் தலைவலி. ஆபீசில் கூட வேலை பார்த்த ஒருத்தி டவுனில் ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனாள். தலைவலி நின்றது. எப்படி நின்றது என்று நான் ஆராயப் போவதில்லை. சித்தி பொட்டை எடுத்தாள், பூவை விட்டாள், தோட்டைக் கழற்றினாள். சித்தப்பா, தலைவலி போனால் போதும் என்று சும்மா இருந்துவிட்டார். அவள் வீட்டுக் கண்ணாடி ஓரத்தில் ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு மட்டும் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டே இருந்தது. எடுக்க மறந்தாளா, மனசு வரவில்லையா தெரியாது.

அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மா சாமிக்குப் படைத்த பொங்கலைத் தூக்குச்சட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார் என்று சித்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அம்மா வந்த வழியே திரும்பிவிட்டாள். சட்டி பொங்கலோடு சித்தி வீட்டு அடுப்படியில் அப்படியே இருந்துவிட்டது. அதன் பிறகு அது எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் தலையும் அம்மாவிடம் வந்தது. அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஐப்பசி பாதி போனதும் ஊரில் மழைச்சோறு எடுப்பது என்று முடிவானது. மழை பொய்த்தால் எங்கள் பக்கம் அது வழக்கம். பெண்கள் கூட்டமாக வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குவார்கள். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டு, ஊர்ப் பொதுவெளியான மந்தையில் வெயிலில் உட்கார்ந்து தின்று, வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். இந்த ஊரில் பிழைக்க வழியில்லை, பிச்சைச் சோறு தின்று பரதேசம் போகிறோம் என்று அழ வேண்டும். அந்த அழுகை பொறுக்காமல் மழை இறங்கும். இதற்கு இரண்டு விதிகள். ஒன்று, சோற்றில் உப்பு இருக்கக் கூடாது. இரண்டு, ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லா வீட்டுச் சோறும் அண்டாவில் விழ வேண்டும்.

இரண்டாவது விதியில்தான் சிக்கல். சித்தி வீட்டை என்ன செய்வது? விட்டுவிடலாம், அவிய இப்போ வேற ஆளு என்று சிலர் சொன்னார்கள். விட்டால் மழை வராதே என்று சிலர் சொன்னார்கள். மழை நின்றதே அந்த வீட்டால்தான் என்று ஒருவர் மெதுவாகச் சொல்லிவைத்தார். அந்தப் பேச்சு மெதுவாகவே ஊர் முழுக்கப் போனது. இரண்டு நாளில் அடிபம்பில் சித்தி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துத் தள்ளி வைக்க ஆரம்பித்தார்கள். நான் பார்த்தேன். சித்தி யாரையும் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தாள், குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல்.

அன்று சாயங்காலம் அம்மா சித்தி வீட்டு வாசலில் போய் நின்றாள். பல மாதத்துக்குப் பிறகு பேசினாள்.

"இதுல எந்தச் சாமி இருக்கு? சூடமா கொளுத்துதோம், விளக்கா ஏத்துதோம்? வெறுஞ்சோறு. மானத்தைப் பாத்து அழுவுறதுக்கு என்ன மதம்?"

சித்தி வெளியே வரவில்லை. ஜெபவீட்டில் என்ன சொல்வார்களோ என்று அவள் எவ்வளவு பயந்திருப்பாள் என்பது இப்போது புரிகிறது. அன்று எனக்குச் சித்திமேல் கோபம்தான் வந்தது.

மழைச்சோறு எடுத்த அன்று காலையில் அம்மா உப்புச் சாடியின் வாயைத் துணியால் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். எங்கள் பக்கம் உலையிலேயே உப்புப் போட்டுத்தான் சோறு வடிப்பார்கள், கை தன்னால் சாடிக்குப் போகும். சாயங்காலம் விளக்கு வைக்கிறவரைக்கும் அந்தச் சாடி இறங்கவில்லை. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உச்சிவெயிலில் கூட்டம் எங்கள் தெருவுக்கு வந்தது. முன்னால் ஒப்பாரி அத்தை. ஊரில் எந்த வீட்டில் துக்கமென்றாலும் அவள்தான் முதல் குரல் எடுப்பாள், மழைக்கும் அவளே தலைமை. சித்தி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அத்தை கதவின் முன் நின்று ஒரு முழுப் பாட்டுப் பாடினாள். கதவு திறக்கவில்லை. கூட்டம் நகர்ந்தது. அம்மா என்னிடம், ஓடிப்போய் நம் வீட்டுச் சோற்றை எடுத்து வா என்றாள்.

நான் கொல்லைப் பக்கமாக ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் சித்தி நின்றிருந்தாள். கையில் அம்மாவின் தூக்குச்சட்டி. ஆவி பறக்கிற சோறு. அழுதிருந்தாள்.

"ஏட்டி, இத உங்க வீட்டுச் சோத்தோட சேத்துப் போட்டுரு. எங்க வீட்டுதுன்னு யார்ட்டயும் சொல்லாத," என்றாள்.

சந்தோஷத்தில் சட்டியை வாங்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கலப்பதற்கு முன்னால் ஒரு பிடி வாயில் போட்டுப் பார்த்தேன். பசி. சித்தி வீட்டுச் சோறு தின்று நாளாகியிருந்தது.

உப்பு இருந்தது.

கொடுப்பதில்லை என்றுதான் அவள் காலையில் முடிவு செய்திருக்கிறாள். அதனால் வழக்கம்போல உலையில் உப்புப் போட்டுவிட்டாள். பாட்டுச் சத்தம் வாசலுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் கையில் சட்டியோடு நின்றேன். கலந்தால் மழை வராது, அப்பாவின் உளுந்து போய்விடும். கொட்டிவிட்டால் சித்தி வீடு ஊரில் சேராமல் போய்விடும். தெருவில் ஒப்பாரி அத்தையின் குரல் கிட்டே வந்துகொண்டிருந்தது. எனக்கு உளுந்தைவிடச் சித்தி பெரிது. கலந்துவிட்டேன்.

மந்தையில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து தின்றோம். கம்மஞ்சோறு, சோளச்சோறு, ரேஷன் அரிசிச் சோறு எல்லாம் சேர்ந்து மண் நிறத்தில் ஒரு உருண்டை. அவ்வளவு பெரிய அண்டாவில் ஒரு சட்டி உப்பு எங்கே தெரியப்போகிறது? ஆனாலும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே விழுங்கினேன். பெண்கள் அழுதார்கள். ஒப்பாரி அத்தை மழையைப் பெயர் சொல்லித் திட்டினாள், பெற்ற பிள்ளையைத் திட்டுவது போல. பிறகு வீட்டுக்கு வந்து சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். அம்மா வந்து அதைப் பார்த்தாள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அலமாரியில் அது பழைய நாளில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஒன்பது நாள் மழை இல்லை. மேகம் மேற்கே திரண்டு, எங்களைத் தாண்டிக் குளத்தூர்ப் பக்கம் போய்விடும். அங்கே உப்பளத்துக்காரர்கள் மழை வேண்டாம் என்பார்கள், அவர்களுக்கு இரண்டு தூறல் போட்டுவிட்டுப் போகும். அப்பா உளுந்தைத் தோண்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் என்னால் என்று எனக்கு மட்டும் தெரியும். எல்லாம் சித்தியால் என்று ஊருக்குத் தெரியும்.

பத்தாம் நாள் கொடும்பாவி கட்டுவது என்றார்கள். ஊரில் யாரோ செய்த பெரும்பாவத்தால்தான் மழை நின்றது என்று வைக்கோலில் ஒரு பாவி உருவம் கட்டி, தெருத் தெருவாக இழுத்துப் போய் எரிப்பார்கள். மந்தையில் மாலை வெயிலில் பெண்கள் உருவத்துக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகப் பழைய சேலை சுற்றி, முகத்தில் பெரிய பொட்டு வைப்பார்கள். அன்று யாரோ வெள்ளைச் சேலை கொண்டுவந்திருந்தார்கள். ஜெபவீட்டுக்குப் போகும்போது சித்தி கட்டுவது வெள்ளைச் சேலை. ஒருத்தி குங்குமச் சிமிழை எடுத்தபோது இன்னொருத்தி, பொட்டு வேண்டாம் என்றாள்.

எல்லாருக்கும் புரிந்தது. யாரும் தடுக்கவில்லை. இந்த உருவத்தைச் சித்தி வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து அழப்போகிறார்கள். அப்படி அழுதுவிட்டால் அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு இந்த ஊரில் இருக்க முடியாது. சித்தி போய்விடுவாள். அது மட்டும்தான் என் மனசில் ஓடியது. நான் கத்திவிட்டேன். சித்தி சோறு கொடுத்தாள், நான்தான் எங்கள் வீட்டுச் சோற்றோடு கலந்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

ஒப்பாரி அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டாள். கோபமாக இல்லை, ரொம்ப நிதானமாகக் கேட்டாள்.

"உப்பு இருந்துச்சா?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. அம்மனுக்கு நேர் எதிரே நிற்கிறேன், மந்தையில் கோயில் நடை திறந்திருக்கிறது. இருந்துச்சு என்றேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. காப்பாற்ற வந்த நானே சித்தியைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

அப்போது அம்மா எழுந்து அத்தையின் முன்னால் வந்தாள்.

"மயினி, அந்த உப்பு எங்க வீட்டுது. கை பழக்கத்துல நாந்தான் போட்டுட்டேன். அவ குடுத்த சோறு சப்புன்னுதான் இருந்துச்சு. கலந்தபெறகு தின்னு பாத்துட்டு இவ சொல்லுதா."

நான் அம்மாவைப் பார்த்தேன். பரண்மேல், வாய் கட்டிய சாடி. அதை ஏற்றும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நகம் வெட்டுவதற்குக் கிழமை பார்க்கிற அம்மா, அம்மனுக்கு நேரே நின்று, ஊர் கூடியிருக்கும்போது, கண்ணை இமைக்காமல் பொய் சொன்னாள். அதோடு விடவில்லை. உருவத்தின் அருகில் போனாள். தன் நெற்றிக் குங்குமத்தை விரலால் வழித்து, அந்த வைக்கோல் முகத்தின் நடுவில் அழுத்தி வைத்தாள். பிறகு இழுங்க என்றாள்.

கொடும்பாவி சித்தி வீட்டு வாசலில் நிற்கவில்லை. மற்ற வீடுகளைப் போல அதையும் கடந்து போனது. அம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டு போனாள். கொஞ்ச நாள் ஊரில் அம்மாவை உப்புக்காரி என்று பேசினார்கள். அவள் பொருட்படுத்தவில்லை. மறுநாள் காலையில் சித்தி வேலியைத் தாண்டி வந்து, சீப்பை எடுத்து, என் தலையைப் பின்னினாள். அம்மா அடுப்படியில் இருந்தபடி, இறுக்கிப் பின்னு, சாயங்காலத்துக்குள்ள அவுந்துரும் என்று சொன்னாள். அவ்வளவுதான் அவர்களுடைய சமாதானம்.

ஐந்து நாள் கழித்து மழை வந்தது. கொடும்பாவியால் வந்தது என்று ஊர் சொன்னது. சனிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தோம் என்று பாஸ்டர் சைக்கிளில் வந்து சித்தியிடம் சொன்னார். வங்கக் கடலில் தாழ்வுநிலை என்று நான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே என்று அப்பா ரேடியோவைத் தட்டிக் காட்டினார். பாதி உளுந்து எறும்புக்குப் போக, மீதி முளைத்தது. மறுபடியும் தூக்குச்சட்டி போய் வர ஆரம்பித்தது. படைத்த பொங்கல் மட்டும் அதில் போகாது. அம்மா படைப்பதற்கு முன்னாலேயே ஒரு கரண்டி எடுத்துச் சித்திக்குத் தனியாக வைத்துவிடுவாள்.

அந்த வருஷத்திலிருந்து அம்மா செவ்வாய்க்கிழமைகளில் உப்பில்லாமல் சாப்பிட்டாள். அவளுக்கு ஏற்கெனவே இருந்த சட்டங்களில் இதுவும் ஒன்று என்று நாங்கள் விட்டுவிட்டோம். பிற்காலத்தில் பிரஷர் என்று நினைத்துக்கொண்டோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா போய்விட்டாள்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை சித்தி வீட்டுக்குப் போனேன். எனக்குச் சோறும் புளிக்குழம்பும் போட்டாள். தன் தட்டில் வெறும் கஞ்சி ஊற்றிக்கொண்டாள். ஊறுகாயை நகர்த்தினேன், வேண்டாம் என்று கையால் தட்டை மறைத்தாள்.

"பிரஷரா சித்தி?"

"எனக்கென்ன பிரஷர். இது அக்காவோடது," என்றாள்.

பிறகுதான் சொன்னாள். கொடும்பாவி எரித்த அன்று அம்மா கொல்லை வழியாக வந்தாளாம். அம்மன் முன்னால் பொய் சொன்ன வாய்க்கு உயிர் இருக்கிறவரைக்கும் செவ்வாய்க்கிழமை உப்பு கிடையாது என்று நேர்ந்துகொண்டதைச் சித்தியிடம் மட்டும் சொன்னாளாம். அதை முப்பது வருஷம் காப்பாற்றினாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஏற்றுகிற பாட்டிலில் உப்பு இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். இருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டது. நாலு செவ்வாய் தப்பிவிட்டது என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். நாங்கள் வலி என்று நினைத்தோம்.

"அந்த நாலையும் நான் இருந்து முடிக்கேன்னு சொன்னேன். முடிச்சுட்டேன். பெறகு விட மனசு வரல," என்றாள் சித்தி.

பேச்சை மாற்றுவதற்காக, பாஸ்டருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"கேட்டாரு. பிரஷருன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போ இந்தப் பொய்க்கு யார் உப்பை விடுவது என்று கேட்டேன். சித்தி கஞ்சியை ஒரு மடக்குக் குடித்தாள்.

"நீ இருக்கேல்லா," என்றாள்.

இப்போது எனக்கும் செவ்வாய்க்கிழமை உப்பு கிடையாது. டாக்டர் சொன்னதால் விட்டிருக்கிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஆமாம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.